நாராயணம்மா சுற்றிய மணிகள்

நாட்றாம்பாளையம்
13-11-1967

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் பெங்களூருக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. மூன்று கடிதம் போட்டிருக்கிறீர்கள். மூன்றிலும் 'எப்போது வருகிறாய்?' என்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. 'முன்னாடி போங்க, பின்னாடியே வரேன்' என்று பஸ் ஏறும்போது சொன்னவள் நான்தான். மறக்கவில்லை. ஆனால் ராகி கதிர் விட்டு நிற்கிற நேரத்தில் இரண்டு ஏக்கரை யாரிடம் ஒப்படைத்துவிட்டு வருவது? அந்தச் சண்டை இந்தக் கடிதத்தில் வேண்டாம். இது வேறு விஷயம். கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

பரண்மேல் நீங்கள் கட்டி வைத்துவிட்டுப் போன சாமான்களில் ஒன்றை எடுத்து மாதப்பனுக்குக் கொடுத்துவிட்டேன். எலி விழுந்தால் விளக்கெரியும் பொறியும் பானை நிறைந்தால் ஊதுகிற தகர ஊதலும் அப்படியே இருக்கின்றன. நான் எடுத்தது ஆனை மணி. வயலைச் சுற்றிக் கம்பி கட்டி, அது இழுபட்டால் இரண்டு பித்தளைத் தகடு ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் மணி அடிக்குமே, அது. நீங்கள் அதை நம் வயலில் கட்டியபோது ஊரே வேடிக்கை பார்த்துச் சிரித்தது. அந்த வருஷம் பார்த்து ஆனை நம் பக்கம் வரவேயில்லை. நீங்களும் கழற்றிப் பரணில் போட்டுவிட்டீர்கள்.

போன புதன்கிழமை பொழுது சாயும் நேரம் மாதப்பன் வீட்டில் அது அடித்தது. ஓடிப்போய்த் தகரம் தட்டியிருக்கிறார்கள். மூன்று ஆனை வரப்பில் நின்றிருக்கின்றன. உள்ளே கால் வைக்காமல் திரும்பிவிட்டன. மறுநாள் காலையில் மாதப்பன் நம் வாசலில் வந்து நின்றார். "ஏம்மா லூர்து, ஊட்டுக்காரரு பொம்மை செய்றாருன்னு நாங்கதான் சிரிச்சோம். என் ராகியக் காப்பாத்துனது அந்தப் பொம்மைதாம்மா" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

இப்போது பதினொரு வீட்டில் மணி கேட்கிறார்கள். நான் 'சரி' என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புதான். ஆஞ்சப்பன் தன் புளிக் கொட்டகையை வேலைக்கு விட்டிருக்கிறார். ஒரு வீட்டில் பழைய சைக்கிள் பெல் கிண்ணம், இன்னொரு வீட்டில் மின்சாரம் எடுக்க ஊறுகாய் ஜாடி, இருக்கிறதைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். செய்கிற வேலைக்கு நான், சாந்தம்மா, நாராயணம்மா, இன்னும் இரண்டு பேர். நாராயணம்மாவை உங்களுக்குத் தெரியும். ஆனை மிதித்துச் செத்தாரே ராமப்பன், அவர் சம்சாரம். கம்பி சுற்றுவதில் அவள் விரல்தான் நன்றாக ஓடுகிறது. ஆனால் எத்தனை சுற்று, ஜாடியில் எவ்வளவு நவச்சார உப்பு என்று எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. உங்கள் மணியைப் பிரித்துப் பார்த்துத்தான் செய்கிறோம். விவரமாக எழுதி அனுப்ப வேண்டும்.

லூர்தம்மாள்

*

பெங்களூர்
24-11-1967

லூர்துக்கு,

கோபப்படாமல் படி என்று எழுதியிருக்கிறாய். கோபத்தோடுதான் படித்தேன். அந்த மணி விற்பதற்குச் செய்தது இல்லை. என் கை சும்மா இருக்க முடியாமல் செய்தது. அதை ஊரைக் கூட்டிப் பிரித்துப் பார்த்தேன் என்கிறாய்.

ஆனாலும் தப்பும் தவறுமாகச் செய்து கெட்ட பேர் வாங்குவதற்குச் சரியாகச் செய்வது மேல். அதனால் எழுதுகிறேன். இரும்பு போல்ட்டின் மேல் எண்ணூறு சுற்று. ஒன்றுகூடக் குறையக்கூடாது, ஓர் அடுக்குக்குள் ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஜாடிக்கு இரண்டு கைப்பிடி நவச்சாரம், முக்கால் தண்ணீர். டார்ச் லைட் பேட்டரிக் கட்டையை உடைத்தால் உள்ளே இருக்கும் கரிக்குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாகக் கம்பி அதைத் தொடாமல் தனியாக நிற்க வேண்டும். தகடுகளின்மேல் மழை படாமல் ஓடு கவிழ்த்து வை. மெழுகு பூசிய தாமிரக் கம்பி அங்கே கிடைக்காது. சிக்குப்பேட்டையில் இரண்டு கண்டு வாங்கி அஞ்செட்டி பஸ் கண்டக்டரிடம் கொடுத்திருக்கிறேன். போய் வாங்கிக்கொள்.

மாதப்பன் அப்படிச் சொன்னாரா? அவர்தான் அன்றைக்கு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர்.

கம்பெனியில் குவார்ட்டர்ஸ் தருவதாகச் சொல்கிறார்கள், குடும்பம் வந்தால் மட்டும். நான் தனியாக லாட்ஜில் ஐந்து பேரோடு படுத்திருக்கிறேன். அறுவடை முடிந்ததும் வா.

அருள்ஜோசப்

*

நாட்றாம்பாளையம்
22-1-1968

அன்புள்ள உங்களுக்கு,

கம்பி வந்தது. முதலில் நல்ல சேதி. இருபத்தாறு மணி செய்துவிட்டோம். கொட்டகைச் சுவரில் ஆஞ்சப்பன் 'வேலி மணிச் சங்கம்' என்று சுண்ணாம்பால் எழுதிவிட்டார். அஞ்செட்டியிலிருந்தும் உரிகத்திலிருந்தும் ஆள் வந்து கேட்கிறார்கள். மணி வாங்குகிற வீட்டிலிருந்து ஒருவர் இரண்டு நாள் கொட்டகையில் வேலை செய்துவிட்டுப் போக வேண்டும் என்று வைத்திருக்கிறோம். கெட்டுப்போனால் அவரவரே சரி செய்துகொள்ளலாம் அல்லவா? இது சாந்தம்மா சொன்ன யோசனை. இந்த வருஷம் ஊரில் ராகி நஷ்டம் என்று ஒரு வீட்டிலும் பேச்சில்லை.

இனி ஒரு பழுது. எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் உச்சிவெயிலில் மாதப்பன் வீட்டு மணி அடித்தது. அவர் வீட்டில் நாங்கள் அப்போது மாற்றி வைத்திருந்தது புது மணி. ஓடிப்போய்ப் பார்த்தோம். கம்பி இழுபடவில்லை, தகடு இரண்டும் தனித்தனியாகத்தான் நின்றன. மாடு இல்லை, காற்றுகூட இல்லை. மணி மட்டும் கொஞ்ச நேரம் அடித்து நின்றுவிட்டது. மறுநாள் அதே வயலில் ஆனை இறங்கியது.

அப்புறம் மேற்கே கடைசி வீட்டில் இப்படி. முதல் நாள் மதியம் சும்மா அடித்தது, மறுநாள் ஆனை. போன வாரம் மூன்றாவது வீடு. மற்ற மணிகளெல்லாம் கம்பி இழுபட்டால் மட்டும்தான் அடிக்கின்றன. இந்த மூன்றுதான் இப்படி. ஊரில் இதை முன்மணி என்று பேர் வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இது என்ன கோளாறு? எப்படிச் சரி செய்வது?

லூர்தம்மாள்

*

பெங்களூர்
30-1-1968

லூர்துக்கு,

கோளாறு ஒன்றுமில்லை, கவனக்குறைவு. மதிய வெயிலில் கம்பி நீளும், தகட்டைத் தாங்குகிற குச்சி வளையும், தகடு தொட்டுவிட்டுப் பிரியும். நீங்கள் ஓடிப்போய்ப் பார்ப்பதற்குள் விலகியிருக்கும். இல்லாவிட்டால் எறும்பு. நவச்சார ஈரத்துக்கு எறும்பு கூட்டமாக வரும். தகடுகளைக் கொஞ்சம் அகலமாகப் பிரித்து வை. குச்சிக்குப் பதிலாகச் சீவிய மூங்கில் போடு. அதன் பிறகும் அடித்தால் ஜாடியிலிருந்து கம்பியைக் கழற்றிவிட்டுப் பார். மின்சாரம் இல்லாமல் அது அடிக்காது. இதில் பயப்பட எதுவுமில்லை.

மறுநாள் ஆனை வந்தது என்றால், ஆனை வருகிற மாதம் அது. எந்த நாள் அடித்திருந்தாலும் மறுநாள் எங்கேயாவது வந்துதான் இருக்கும்.

சங்கம் என்று சுவரில் எழுதியதைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரர் என்னவென்று கேட்டார். 'என் சம்சாரம் கம்பெனி ஆரம்பிச்சிருக்கா' என்று சொன்னேன். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது. அதற்காக வராமல் இருந்துவிடாதே.

அருள்ஜோசப்

*

நாட்றாம்பாளையம்
19-2-1968

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் சொன்னபடி எல்லாம் செய்தோம். மூங்கில் போட்டோம். தகட்டை இரண்டு விரற்கடை பிரித்தோம். மூன்று வீட்டிலும் ஜாடியிலிருந்து கம்பியைக் கழற்றி, ஜாடியைத் தூக்கிக் கொட்டகையில் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

அதற்கப்புறமும் அடித்தது.

மாதப்பன் வீட்டில் நான் உட்கார்ந்திருக்கும்போதே அடித்தது. சுவரில் வெறும் மணி மட்டும் தொங்குகிறது, அதன் கம்பி இரண்டும் கீழே ஒன்றையும் தொடாமல் கிடக்கின்றன, சுத்தி கிண்ணத்தில் படுகிறது. சத்தமும் பழைய சத்தமில்லை. யாரோ அவசரமில்லாமல் விட்டுவிட்டுத் தட்டுகிற மாதிரி. மாதப்பன் சம்சாரம் கும்பிட்டாள். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். மறுநாள் அவர்கள் தோட்டத்துப் பலாமரத்தடியில் ஆனை.

இப்போது இப்படி அடிக்கிற மணி பதினான்கு. ஒவ்வொரு மணியையும் யார் செய்தது என்று சாந்தம்மாவும் நானும் உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தோம். பதினான்கிலும் கம்பி சுற்றியது நாராயணம்மா.

மறுநாள் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நாங்கள் எல்லோரும் ஒன்று, இரண்டு என்று எண்ணிச் சுற்றுவோம். அவள் எண்ணுவதில்லை. உதடு மட்டும் அசைகிறது. காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டேன். ஒவ்வொரு சுற்றுக்கும் 'பந்தே' என்கிறாள். 'பந்தே, பந்தே, பந்தே.' அவர்கள் வீட்டில் கன்னடம்தானே? கூப்பிட்டவர்களுக்கு 'இதோ வந்தேன்' என்கிற பதில்.

"யாருக்கு நாராயணம்மா பதில் சொல்ற?" என்று கேட்டேன்.

கையை நிறுத்தாமலே சொன்னாள். "அவருக்குத்தான். அன்னிக்கு மத்தியானம் பின்னாடி புதர்லேருந்து என்னைக் கூப்ட்டாரு. களி கிண்டிட்டு இருந்தேன். பந்தேன்னேன். போகல. களி அடிபுடிச்சிடும்னு போகல. மறுபடியும் கூப்ட்டாரு. பந்தேன்னேன். அப்பவும் போகல. மூணாவது வாட்டி கூப்பிடவே இல்ல."



ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. உத்தனப்பள்ளியிலிருந்து வந்தவர்கூட 'நாராயணம்மா சுத்துனது இருந்தா கொடுங்க, இல்லன்னா வேணாம்' என்கிறார். மற்ற நான்கு பேர் செய்த மணி கொட்டகையில் அடுக்கிக் கிடக்கிறது. அவள் ஒருத்தியே சுற்றட்டும், மற்றவர்கள் ஜாடி கழுவட்டும் என்று ஆஞ்சப்பன் சொல்கிறார். அவளும் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழுந்திருப்பதில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. குரல் கம்மிவிட்டது. உதடு மட்டும் அசைகிறது.

அவள் கம்பி சுற்றிய போல்ட், நீங்கள் காயில் என்பீர்களே, அதில் ஒன்றைக் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உங்கள் கம்பெனியில் அளக்கிற மெஷின் இருக்கும் என்றீர்களே. பார்த்துச் சொல்லுங்கள். மாதப்பன் வீட்டில் மாட்டியிருந்த மணியிலிருந்து எடுத்தது அது; அவருக்கு அவள் சுற்றிய வேறொன்றைப் போட்டுக் கொடுத்துவிட்டேன். நாலு முறை அடித்த மணி.

லூர்தம்மாள்

*

பெங்களூர்
11-3-1968

லூர்துக்கு,

காயில் வந்து இரண்டு வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு.

முதலில் நான் எழுத நினைத்தது, இந்த மாதிரிச் சொல்லி விற்காதே என்று. ஆனை நாளைக்கு வரும் என்று மணி சொல்லுமென்று நம்பி ஒருத்தன் அடிக்காத நாளில் அசந்து தூங்கிவிட்டால், அவன் உயிருக்கு நாம்தான் பொறுப்பு. மணி நான் செய்தது. இதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஆஞ்சப்பனிடமும் சொல்.

இனி காயில் பற்றி. சாப்பாட்டு நேரத்தில் மீட்டரில் வைத்துப் பார்த்தேன். ஊசி அசையவே இல்லை. மீட்டர் கெட்டிருக்குமென்று வேறொன்றில் வைத்தேன். அதிலும் அப்படித்தான். உள்ளே எங்கோ கம்பி அறுந்திருக்கிறது என்று அர்த்தம். லாட்ஜுக்குக் கொண்டுவந்து ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தேன். அவள் எண்ணுவதில்லை என்றாயே, சரியாக எண்ணூறு இருந்தது. கடைசிச் சுற்றுக்கு, அதாவது அவள் முதலில் சுற்றிய சுற்றுக்கு வந்தபோதுதான் அறுந்த இடம் தெரிந்தது. இரண்டு முனைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அந்த இடைவெளியை அப்படியே விட்டு மேலே சுற்றியிருக்கிறாள். அவளுக்கே தெரியாமல் நடந்திருக்கலாம்.

லூர்து, இதைத் திரும்பத் திரும்ப யோசித்துவிட்டேன். இந்தக் காயில் முதல் நாளிலிருந்தே செத்த காயில். ஆனை வந்து கம்பியை இழுத்தாலும் இது அடித்திருக்க முடியாது. ஜாடியை வைத்தாலும் எடுத்தாலும் ஒன்றுதான். நாலு முறை அடித்தது என்று நீ எழுதியிருக்கிறாய். நீ பொய் எழுதுகிறவள் இல்லை.

அவளைச் சுற்றவிடாதே. காரணம் கேட்காதே, எனக்குச் சொல்லத் தெரியாது. நீயும் அந்தக் கொட்டகையில் உட்காராதே. புறப்பட்டு வந்துவிடு.

அருள்ஜோசப்

*

நாட்றாம்பாளையம்
12-3-1968, செவ்வாய்

அன்புள்ள உங்களுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. காத்திருக்க நேரமில்லாமல் எழுதுகிறேன். 

இன்றைக்கு மூன்று மணிக்குக் கொட்டகையில் ஐந்து பேரும் இருந்தோம். அலமாரிப் பலகையில் நாராயணம்மா சுற்றி முடித்த மணி ஒன்பது வரிசையாக இருந்தது. எதிலும் ஜாடி மாட்டவில்லை. வேலிக் கம்பி என்று ஒன்றே கிடையாது. ஒன்பதும் சேர்ந்து அடித்தன.

சாந்தம்மா கையிலிருந்த ஜாடியைக் கீழே போட்டுவிட்டாள். நாராயணம்மா பதறவில்லை. மடியிலிருந்த கம்பியை எடுத்து ஓரமாக வைத்தாள். எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். "பந்தே" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பின்பக்கக் கதவை நோக்கி நடந்தாள். அவள் சொன்ன அந்தக் கணமே ஒன்பது மணியும் நின்றுவிட்டன.

சாந்தம்மாவும் நானும் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டோம். "உடும்மா லூர்து. இந்த வாட்டி போகலன்னா பாவம்" என்கிறாள். பலம் கொண்டமட்டும் இழுத்து வெளியே கொண்டுவந்தோம்.

இத்தனை நாள் எங்கே அடித்ததோ அங்கே மறுநாள் வந்திருக்கிறது. அப்படியானால் நாளைக்குக் கொட்டகைக்கு. நாளை யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது என்று ஆஞ்சப்பனிடம் சொல்லிவிட்டேன்.  நாராயணம்மாவை நம் வீட்டில் வைத்திருக்கிறேன். நாளைக்கு முழுதும் சாந்தம்மாவும் கூட இருப்பாள். கதவை உள்ளே தாழ் போட்டுவிடுவோம்.

எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

லூர்து

*

பெங்களூர்
16-3-1968

லூர்து,

உன் செவ்வாய்க்கிழமைக் கடிதம் இன்று சனிக்கிழமை கைக்கு வந்தது. 'நாளைக்கு' என்று எழுதியிருக்கிறாய். அந்த நாளை போய் மூன்று நாள் ஆகிறது.

லீவு கேட்டேன், திங்கட்கிழமைக்குமேல்தான் பேச முடியும் என்கிறார்கள். அஞ்செட்டி பஸ் நிற்கிற இடத்தில் போய் நின்றேன். கண்டக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை. 'கொட்டகை ஏதோ விழுந்துடுச்சாம்' என்கிறார். யாருக்கு என்ன என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வரி எழுது. உயிரோடு இருக்கிறேன் என்று மட்டும் எழுது. இந்தக் கடிதத்தை அந்தக் கண்டக்டரிடமே கொடுக்கிறேன்.

அருள்ஜோசப்

*

நாட்றாம்பாளையம்
19-3-1968

அன்புள்ள உங்களுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நாராயணம்மாவும் இருக்கிறாள். யாருக்கும் காயமில்லை. காயில் பற்றி நீங்கள் எழுதியதும், கண்டக்டர் கொடுத்ததும் இரண்டும் ஒரே நாளில் வந்தன. முன்னாடியே எழுதியிருக்கலாம், ஆனால் நடந்ததைப் பேனாவில் கொண்டுவர எனக்கு இத்தனை நாள் ஆயிற்று.

புதன்கிழமை மதியம்வரை அவள் அமைதியாகத்தான் இருந்தாள். முறத்தில் அவரைப் பருப்பைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மூன்று மணி இருக்கும், தண்ணீர் கேட்டாள். நான் பானைப் பக்கம் திரும்பினேன். அவ்வளவுதான், தாழை எடுத்துவிட்டுப் போய்விட்டாள். சாந்தம்மா கண்ணயர்ந்திருந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். எவ்வளவு ஓடியும் அவளை எட்டிப்பிடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் அவள் நடந்துதான் போனாள்.

கொட்டகையின் பின்பக்கம் போய், உண்ணிப்புதர் மேட்டைப் பார்த்து நின்றாள். நான் போய்ப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அங்கே ஒன்றும் இல்லை. நல்ல வெயில். இலை அசையவில்லை. ஒரு பறவைகூடக் கத்தவில்லை. அவள் திடீரென்று தலையை நிமிர்த்தினாள், கூப்பிட்ட குரலுக்குத் திரும்புகிற மாதிரி. எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் வாயைத் திறந்தாள். நான் உள்ளங்கையால் பொத்தினேன். என் கைக்குள் அவள் 'பந்தே, பந்தே' என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். சத்தம் வரவில்லை. சூடு மட்டும் கையில் பட்டது.

அப்போதுதான் எனக்குக் கேட்டது.

"லூர்து."

அது ராமப்பன் குரல் இல்லை. உங்கள் குரல். சத்தம் போட்டு அல்ல. கையெல்லாம் கரியோடு கொல்லையில் நின்றுகொண்டு, கழுவத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கூப்பிடுவீர்களே, அந்த மாதிரி. புதருக்கு உள்ளேயிருந்து. நீங்கள் பெங்களூரில் இருக்கிறீர்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் 'வரேன்' என்ற வார்த்தை நாக்குக்கு வந்துவிட்டது. இரண்டாவது முறை கூப்பிட்டது. மூன்றாவது முறை கொஞ்சம் கிட்டத்தில். இரண்டு கையாலும் அவளைப் பிடித்திருந்தேன், என் வாயைப் பொத்த எனக்குக் கையில்லை. அவள் தோளில் கிடந்த சேலையைக் கடித்துக்கொண்டேன். பல் வலிக்கக் கடித்தேன்.

பின்னால் ஓடிவந்த சாந்தம்மா எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் குரல் எதுவும் கேட்கவில்லையாம். கிளை முறிகிற சத்தம் மட்டும் கேட்டதாம்.

புதரை விலக்கிக்கொண்டு ஒற்றை ஆனை வந்தது. எங்களுக்கும் அதற்கும் பத்து முழம் இருக்கும். காதுகூட ஆட்டாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.  பிறகு அது மெல்லத் திரும்பி, நெற்றியைக் கொட்டகைச் சுவரில் வைத்து அழுத்தியது. சுவர் அப்படியே உள்ளே சாய்ந்தது. ஓடும் மண்ணும் அந்த ஒன்பது மணியின் மேல் விழுந்தன. ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. ஆனை வந்த வழியே போய்விட்டது.

நாராயணம்மா இரண்டு நாள் தூங்கினாள். எழுந்ததும் களி கேட்டாள். "இனிமே நான் சுத்த மாட்டேன். கூப்புடறது கேக்கல இப்ப" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடிப் பேசினோம். ஆஞ்சப்பன்தான் முதலில் வாயெடுத்தார். "முன்னாடியே அடிக்கற மணியத்தானே ஊரு தேடி வருது. அவ சுத்தலன்னா நம்ம மணிய யாரு வாங்குவா?"

சாந்தம்மா எழுந்து நின்றாள். "அவ உசுரச் சுத்தித்தான் உனக்கு மணி வேணுமா? நாங்க நாலு பேரு சுத்துனது ஆனை தொட்டா அடிக்குதா இல்லையா? அது போதாதா?"

 பிறகு ஒவ்வொருவராகக் கையைத் தூக்கினார்கள், ஆஞ்சப்பனும்தான். அவள் சுற்றிய மணிகள் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிப் பிரித்துவிடுவது என்று முடிவாயிற்று. மாதப்பன் மட்டும் தர முடியாது என்றார். மறுநாள் விடிந்ததும் அவரே கொண்டுவந்து நம் படியில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார். 'ராத்திரி என் பேரச் சொல்லி அடிச்சிது' என்று அவர் சம்சாரத்திடம் சொல்லியிருக்கிறார்.

சுவரை எல்லோரும் சேர்ந்து எழுப்பிக்கொண்டிருக்கிறோம். இனி ஒரு காயிலை ஒருத்தியே சுற்றக்கூடாது. வட்டமாக உட்கார்ந்து, நூறு சுற்றுக்கு ஒரு கை மாற்றி, எல்லோரும் வாய்விட்டு எண்ணுகிறோம். தமிழில் ஒருத்தி, தெலுங்கில் ஒருத்தி, கன்னடத்தில் ஒருத்தி. அஞ்செட்டிக்காரர்கள் பத்துப் பேர் 'இது சாதா மணி' என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முப்பது வீடு எங்களோடு நிற்கிறது. நாராயணம்மா ஜாடி கழுவுகிறாள், வேலியில் கம்பி கட்டப் போகிறாள். மணி கம்பி இழுபட்டால் மட்டும் அடிக்கிறது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பதின்மூன்றாம் தேதி மூன்று மணிக்கு நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நான் பயப்படுவேன் என்று மறைக்காமல் எழுதுங்கள்.

லூர்து

*

பெங்களூர்
27-3-1968

லூர்துக்கு,

மறைக்காமல் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

நாராயணம்மாவின் காயிலைப் பிரித்த கம்பியை எறிய மனமில்லாமல் பையிலேயே வைத்திருந்தேன். அன்று மூன்று மணிக்கு டீ மணி அடித்தது. மற்றவர்கள் எழுந்து போனார்கள். என் கை சும்மா இருக்கவில்லை, உனக்குத்தான் தெரியுமே. ஒரு போல்ட்டை எடுத்து அந்தக் கம்பியைச் சுற்ற ஆரம்பித்தேன். எண்ணிக்கொண்டுதான் சுற்றினேன். எங்கே எண்ணிக்கை விட்டுப்போயிற்றென்று தெரியவில்லை. பக்கத்து பெஞ்சு கன்னடக்காரர் வந்து தோளைத் தட்டியபோதுதான் நிமிர்ந்தேன். "யாரய்யா லூர்து? மூணு தடவை கூப்ட்டியே, பக்கத்துல நிக்கற ஆளக் கூப்புடற மாதிரி" என்றார். நான் வாயைத் திறந்ததாகவே எனக்கு நினைவில்லை. மடியில் பார்த்தால் போல்ட்டில் பாதிக்குமேல் சுற்றியிருந்தேன்.

அதை அன்றைக்கே பட்டறை உலையில் போட்டுவிட்டேன். உருகுகிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்தேன்.

ஒரு மாதம் லீவு கிடைத்திருக்கிறது. அதற்குமேல் இங்கே இருப்பதா வேண்டாமா என்பதை அங்கே வந்து உன்னோடு உட்கார்ந்து பேசுகிறேன். குவார்ட்டர்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வா என்று இனி உனக்கு எழுத மாட்டேன். சங்கத்தில் எனக்கும் ஓர் இடம் கேட்டுப் பார். மணி வாங்குகிறவர்களைப் போல நானும் இரண்டு நாள் வேலை செய்துவிட்டே சேர்கிறேன். உன் கூட்டத்தோடு வட்டத்தில் உட்கார்ந்து எண்ணுகிறேன்.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் வருகிறேன். நீ பஸ்ஸுக்கு வர வேண்டாம். முன்வாசலுக்கு வந்து கதவைத் தட்டுவேன். நீ திறந்து என் முகத்தைப் பார்க்கிறவரை வாய் திறக்க மாட்டேன்.

அன்றைக்கு எந்தப் பக்கத்திலிருந்து என் குரல் உன்னைக் கூப்பிட்டாலும் பதில் சொல்லாதே. அது நான் இல்லை.

அருள்ஜோசப்